மின்வெட்டுக்கு அஞ்சாத பவளத் தொட்டி: தொடக்கநிலையினருக்கான குழாய் இணைப்புச் செய்முறை

வீட்டில் ஆறடி நீளத்தில் பவளத் தொட்டி (உயிருள்ள பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்பு நீர்த் தொட்டி) அமைக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் விளக்கைப் பற்றியும் மீன்களைப் பற்றியும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், மேல்தொட்டியின் தண்ணீர் எங்கே போய் நிற்கும்? இதற்கு லிட்டர் கணக்கில் விடை சொல்ல முடிந்தால்தான் குழாய் வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.

படி 1: இடமும் எடையும்

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 680 லிட்டர் கொள்ளும். உப்பு நீராக நிரப்பினால் நீர் மட்டுமே 700 கிலோவை நெருங்கும். கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு, பாறை, கீழ்த்தொட்டி (மேல்தொட்டியிலிருந்து வழியும் நீர் வந்து சேரும், அதைப் பம்பு திரும்ப மேலேற்றும் இரண்டாவது தொட்டி) எல்லாம் சேர்ந்தால் மொத்த எடை ஒரு டன்னைத் தாண்டிவிடும். தரைத்தளமே நல்லது, மாடியில்தான் வைக்க வேண்டுமென்றால் கட்டடப் பொறியாளரிடம் ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்குங்கள். ஸ்டாண்டின் நான்கு மூலைகளையும் ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

படி 2: கண்ணாடியில் துளை

துளையிடும் வேலையைக் கண்ணாடிக் கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். டஃபன்ட் (வெப்பமேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடியில் துளையிட முடியாது, அது நொறுங்கிவிடும் என்பதால், துளை விழும் பக்கம் சாதாரணக் கண்ணாடிதானா என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே உறுதிசெய்ய வேண்டும். துளையில் பொருத்தும் டேங்க் நிப்பிளின் (கண்ணாடியையும் குழாயையும் இணைக்கும் மரை வைத்த துண்டு) ரப்பர் வாஷர் அதன் தலைப் பக்கத்தில் இருக்க வேண்டும். மரையைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று மட்டும் கூடுதலாகத் திருப்பினால் போதும்.

படி 3: இறங்கும் குழாய்கள் மூன்று

மேல்தொட்டியின் தண்ணீர் வழிந்து விழும் பெட்டியில் கீழ்த்தொட்டிக்கு இறங்கும் மூன்று குழாய்கள் வைக்கும் முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன். முதல் குழாயின் வாய் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்கும். அதன் கீழ்ப்பகுதியில் உள்ள பிளாஸ்டிக் கேட் வால்வைச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் காற்று உள்ளே போவது நின்று, குழாய் முழுவதும் நீராக ஓடும் சைஃபன் உருவாகிச் சத்தம் அடங்கிவிடும். இரண்டாவது குழாயில் மெல்லிய ஓடை அளவே நீர் இறங்கும். அதன் உச்சியில் பொருத்தும் சிறு காற்றுக் குழலின் முனை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். முதல் குழாயை நத்தையோ பாசியோ அடைத்துக்கொண்டால், நீர்மட்டம் ஏறி அந்த முனையை மூடும். உடனே இரண்டாவது குழாயும் சைஃபனாக மாறி முழு நீரையும் இறக்கும். மூன்றாவது, எல்லாவற்றிலும் உயரமானது. அது எப்போதும் உலர்ந்தே இருக்கும், ஆபத்துக் காலத்துக்கு மட்டுமே பயன்படும்.

முதல் குழாயின் கீழ்முனை கீழ்த்தொட்டி நீரில் 2 அல்லது 3 செ.மீ. மட்டுமே மூழ்கட்டும். அதற்குமேல் ஆழமாக இறக்கினால், மின்சாரம் திரும்பும்போது குழாய்க்குள் சிக்கிய காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்கத் தாமதமாகும்.

படி 4: ஏறும் குழாயும் மின்வெட்டுக் கணக்கும்

தொட்டியின் கொள்ளளவைப் போல ஐந்து மடங்கு நீர் ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்தால் போதுமானது. அதாவது 3,000 முதல் 3,500 லிட்டர் வரை. பம்பின் பெட்டியில் அச்சிட்டிருப்பது பூஜ்ய உயரத்துக்கான அளவு. ஐந்தடி, ஆறடி மேலேற்றும்போது எவ்வளவு தள்ளும் என்பதை அதன் அட்டவணையில் பார்த்து வாங்குங்கள்.

பம்பு நின்றவுடன், ஏறும் குழாயின் வாய் நீருக்குள் இருந்தால் தண்ணீர் அதன் வழியாகவே பின்னோக்கி இறங்கத் தொடங்கும். குழாயின் வாயை நீர்ப்பரப்புக்கு 2 செ.மீ. கீழே மட்டும் வைத்து, நீர்ப்பரப்பை ஒட்டிக் குழாயில் 5 மி.மீ. துளையிட்டால் அதில் காற்று புகுந்து இறக்கத்தை நிறுத்தும். ஆனால் துளை பாசியால் அடைபடும். நீரை ஒரே திசையில் மட்டும் விடும் என்ஆர்வி வால்வை ஏறும் குழாயில் வைத்தாலும், அதன் மடலில் ஒரு சிறு கல் சிக்கினாலே அது மூடாது. ஆகவே இரண்டுமே வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே கணக்கிட வேண்டும்.

நமது தொட்டியில் நீர்மட்டம் 1 செ.மீ. குறைந்தால் 11 லிட்டர் கீழே வரும். 3 செ.மீ. இறங்கினால் 33 லிட்டர். குழாய்களிலும் வழியும் பெட்டியிலும் உள்ளதைச் சேர்த்தால் ஏறக்குறைய 50 லிட்டர். 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள கீழ்த்தொட்டியில் 1 செ.மீ. உயரத்துக்கு ஐந்தரை லிட்டர்தான் பிடிக்கும் என்பதால், அந்த 50 லிட்டருக்கு 9 செ.மீ. காலியிடம் தேவைப்படும். நான் 15 செ.மீ. விடச் சொல்வேன்.

படி 5: வெட்டி ஒட்டுதல்

யுபிவிசி பிளாஸ்டிக் குழாயும் அதற்குரிய சொலுஷனும் (ஒட்டும் பசை) போதும். நம் ஊர்ப் பிளம்பர்கள் பழக்கத்தால் பித்தளை மரை வைத்த எஃப்டிஏ, எம்டிஏ இணைப்புத் துண்டுகள், பித்தளை கேட் வால்வு ஆகியவற்றைக் கொண்டுவருவார்கள், ஒன்றைக்கூட ஏற்காதீர்கள். பித்தளையில் உள்ள செம்பு உப்பு நீரில் கரைந்து பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும்.

எல்லாவற்றையும் முதலில் ஒட்டாமல் பொருத்திப் பார்த்து, இணைப்புகளில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பின் பிசிறை நீக்கி, இரு பக்கமும் சொலுஷன் தடவி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பம்புக்கும் ஒவ்வொரு வால்வுக்கும் அருகில் ஒரு யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) வையுங்கள். பிற்காலத்தில் கழற்றிச் சுத்தம் செய்ய அதுதான் வழி. 24 மணி நேரம் காயவிட்ட பிறகே தண்ணீர் விடலாம்.

படி 6: சாதாரணத் தண்ணீரில் சோதனை

உப்புக் கலப்பதற்கு முன்பு குழாய்த் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் முழுவதும் ஓட்டுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ தாளால் ஒற்றிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் தெரிந்துவிடும். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, கீழ்த்தொட்டியில் நீர் எதுவரை ஏறி நிற்கிறது என்று பாருங்கள். மீண்டும் ஓடவிட்டு, முதல் குழாயின் வாயைக் கையால் மூடி, இரண்டாவது குழாய் பொறுப்பேற்கிறதா எனச் சோதியுங்கள். இரண்டையும் மூடினால் மூன்றாவது இறக்க வேண்டும். எல்லாம் சரியென்றால், பம்பு ஓடும்போது நீர் நிற்கும் மட்டத்தில் கீழ்த்தொட்டியின் வெளியே மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பம்பு ஓடும்போது அதற்குமேல் ஒருபோதும் நிரப்பாதீர்கள்.

மின்சார வயர் ஒவ்வொன்றும் சுவிட்ச் போர்டுக்குப் போகும் முன் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும். வயர் வழியாக ஓடிவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

படி 7: உப்பும் பாறையும்

சோதனை நீரை வெளியேற்றிவிட்டு, டிடிஎஸ் (நீரில் கரைந்த பொருள்களின் அளவு) பூஜ்யமாக உள்ள ஆர்ஓ–டிஐ நீரை, அதாவது ஆர்ஓ வடிகட்டலுக்குப் பின் அயனிகளையும் நீக்கிய நீரை, நிரப்புங்கள். குடிநீருக்கான வீட்டு ஆர்ஓ இயந்திரம் போதாது. கடல் உப்புக் கலவையைக் கரைத்து, 25 டிகிரி வெப்பத்தில் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கு வரும்படி ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்புத்தன்மை அளக்கும் கருவி) சரிபார்க்க வேண்டும். சென்னை போன்ற ஊர்களின் கோடையில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் அந்த வெப்பநிலையைக் காப்பது கடினம் என்பதால், அதற்கான குழாய்க் கிளையை இப்போதே விட்டுவைப்பது நல்லது.

பாறையாகச் செயற்கைப் பாறையையே பயன்படுத்துங்கள். பாறை கட்டும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன; மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துவந்த துண்டு என்று யாராவது கொடுத்தால், அதை வாங்குவது குற்றம், கடலுக்கும் கேடு. பாறை வைத்த பின், மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதன் பிறகு, பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடியை மட்டும் முதலில் விடுங்கள். அடுத்த மீனைச் சேர்க்கும் முன்பு அம்மோனியாவை மீண்டும் அளந்து பாருங்கள்.