20-க்கு எறிந்தால் 5-இல் குத்தும் டார்ட்: எனக்குச் சரியான விதம்

டார்ட்ஸ் விளையாட்டில், வட்டப் போர்டின் உச்சியில் இருக்கும் 20-இன் ட்ரிபிளை (மூன்று மடங்கு புள்ளி தரும் குறுகிய பட்டையை) குறிவைத்து எறிவேன். டார்ட் என்ற அந்தச் சிறு எறி அம்பு இடப்பக்கம் ஒதுங்கி, பக்கத்துக் கட்டமான 5-இல் போய்க் குத்தும். வலக்கையால் எறிபவன் நான். பல நாள் இதே தொல்லை.

முதலில் போர்டை அளந்தேன். நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர், எறியும் கோடு போர்டின் முகப்பிலிருந்து 2.37 மீட்டர், இரண்டும் சரி. 22 கிராம் டார்ட்டை விட்டு 24 கிராமுக்கு மாறினேன். பலனில்லை. சிறகை மாற்றியதும் வீண். கோட்டில் வலப்பக்கம் நகர்ந்து நின்றபோது கொஞ்சம் சரியானது போல இருந்தது, ஆனால் போர்டின் கீழ்ப்பகுதியில் உள்ள 19-க்கு எறியும்போது அங்கேயும் இடப்பக்கம் ஒதுங்கியது.

துப்புக் கொடுத்தது போர்டில் குத்தி நின்ற டார்ட்டுகள்தான். எல்லாவற்றின் வாலும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. எங்கே குத்தியது என்று பார்ப்போமே தவிர, எப்படிச் சாய்ந்து நிற்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை. நேராக எறிந்த டார்ட் இப்படி நிற்காது. கையிலிருந்து விடும்போதே டார்ட்டின் முனை இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

போனில் ஸ்லோ மோஷனில் படமெடுத்தேன். கட்டைவிரல் முதலில் விலகுகிறது. நடுவிரல் டார்ட்டின் வலப்பக்கம் ஒட்டியபடியே இருந்து கடைசியில் ஒரு தள்ளு தள்ளுகிறது.

அப்புறம் நடுவிரலை வெறும் தாங்கலாக அடியில் வைத்து, பிடியைத் தளர்த்தி, பாதித் தூரத்திலிருந்து மெதுவாக எறிந்தேன். எறிந்து முடிக்கும்போது விரல்கள் எல்லாம் விரிந்து, கை இலக்கை நோக்கி நீண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். வால்கள் நிமிர்ந்ததும் கோட்டுக்குத் திரும்பினேன். இப்போதும் தவறுகிறது, ஆனால் 20-க்கு வலப்பக்கம் உள்ள 1-க்கும் இடப்பக்கம் உள்ள 5-க்கும் சமமாக!