பழைய காரின் பிரேக்: எதை முதலில் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

பழைய காரில் பிரேக் வேலை என்றாலே எல்லோரும் முதலில் கேட்பது "பேட் தேய்ஞ்சிடுச்சா?" என்றுதான். கேள்வி தப்பில்லை. ஆனால் பதினைந்து இருபது வயதான காரில் பேட்டைவிட நான் அதிகம் கவலைப்படுவது பிரேக் ஆயிலைப் பற்றியும் ரப்பரைப் பற்றியும்தான். பேட் ஓடினால்தான் தேயும், இவை இரண்டும் வண்டி சும்மா நின்றாலே கெட்டுப்போகும். தினமும் ஓடுகிற பழைய காரைவிட, வெயிலுக்கும் மழைக்கும் கவர் போட்டு மூடி எப்போதாவது எடுக்கிற காரின் பிரேக்கைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன். அதனால் இந்த விளக்கத்தின் வரிசையும் அப்படியே: முதலில் ஆயில், ரப்பர், அப்புறம்தான் பேடும் ஷூவும்.

உள்ளே என்ன நடக்கிறது

பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் முதலில் பூஸ்டருக்குப் போகிறது. எஞ்சின் பக்கம் கறுப்பாக, தட்டையான டப்பா போல இருக்குமே, அதுதான். எஞ்சினின் வெற்றிட இழுப்பை வைத்து நம் கால் பலத்தைப் பெருக்கிக் கொடுப்பது அதன் வேலை. அதன் முன்னால் மாஸ்டர் சிலிண்டர், அதன் தலையில் ஆயில் டப்பா. மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ள, அது இரும்புக் குழாய் வழியாகவும், சக்கரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் போய், முன்னால் காலிப்பரையும் பின்னால் வீல் சிலிண்டரையும் தள்ளுகிறது. காலிப்பர் பேட்களால் டிஸ்க்கைக் கவ்வும், வீல் சிலிண்டர் ஷூக்களை விரித்து டிரம்மின் உள்சுவரில் அழுத்தும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் முன் சக்கரங்களுக்குத்தான் வேலை அதிகம், முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் வைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இதில் இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றை முடியும். குழாயில் கொஞ்சம் காற்று புகுந்தாலும் நீங்கள் மிதிக்கிற மிதி அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். இன்னொன்று, மாஸ்டர் சிலிண்டருக்குள் தனித்தனியாக இரண்டு பாதைகள் இருக்கும். ஒன்று கசிந்தாலும் மற்றொன்று வண்டியை நிறுத்த உதவும், ஆனால் பெடல் ரொம்பக் கீழே போகும், நிற்க அதிக தூரம் எடுக்கும். 1960களிலும் அதற்கு முன்பும் வந்த பல கார்களில் ஒரே பாதைதான். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் ஒரு சின்னக் கசிவைக்கூட "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விடவே கூடாது.

படி 1: சீட்டில் உட்கார்ந்தபடியே சோதனை

ஒரு ஸ்பேனரும் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கெட்டியாகும். இப்போது பெடலை அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக ஒரு இறக்கம் இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லை, கல் மாதிரி இருக்கிறது என்றால் பூஸ்டரோ அதற்கு வரும் வெற்றிட ஹோஸோ சரியில்லை. பழைய காரில் அந்த ஹோஸ் வெடித்திருப்பது சகஜம், பூஸ்டரை மாற்றச் சொல்வதற்கு முன் அதைப் பாருங்கள்.

அடுத்து எஞ்சின் ஓடும்போதே பெடலை மிதமான பலத்தில் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. வெளியே எங்கும் ஈரமே இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்பிப் போகிறது என்று அர்த்தம். இதை அலட்சியப்படுத்தாதீர்கள், வண்டியை எடுக்காமல் அதை முதலில் சரிசெய்யுங்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று. முதல் மிதியில் கீழே போய் இரண்டாவது மிதியில் மேலே வந்து நின்றால், பின் ஷூக்களுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது, அல்லது அங்கேயும் காற்றுதான்.

படி 2: ஆயில்

டப்பாவில் ஆயில் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும், இது இயல்பு. கசிவும் இல்லை, பேடும் புதுசு, ஆனாலும் ஆயில் குறைகிறது என்றால் பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் சேரும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போனால் ஆயில் பூஸ்டருக்குள்ளேயே ஒழுகும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய நிலையில் அதற்கான அளவு 155 டிகிரிதான். டாட் 3க்கு இதுவே 205ம் 140ம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் காலிப்பர் சூடாகி அந்தப் பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும், பெடல் திடீரென்று தரை தொடும். அந்த ஈரமே சிலிண்டர்களை உள்ளிருந்து துருப்பிடிக்கவும் வைக்கும். அதனால் எவ்வளவு ஓடியது என்று பார்க்காமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

என்ன ஆயில் என்பது டப்பா மூடியிலேயே இருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். ஆனால் டாட் 5 என்பது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்கவே கூடாது, 5க்கும் 5.1க்கும் எண்ணில்தான் ஒற்றுமை. சில பழைய சிட்ரோயன் கார்களுக்குப் பச்சை நிற மினரல் ஆயில் தனியாக உண்டு, அதில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் எல்லா சீலும் போய்விடும். திறந்து பல மாதமான டப்பாவில் மிச்சம் இருப்பதை ஊற்ற வேண்டாம். ஆயில் பெயின்டில் பட்டால் பெயின்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

படி 3: வண்டியைத் தூக்குவது

சமமான, கெட்டியான தரை. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்ட் போட்டு, வண்டியின் எடையை ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை, கால், தலை எதையும் விடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய பேட், ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதித் தள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டித் தூக்கிப்போடுங்கள். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: ஹோஸும் குழாயும்

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், ஈரம், எதிலாவது உரசிய தடம் இருந்தால் மாற்றுங்கள், ஒன்று போனால் ஜோடியாக. வெளியே அழகாக இருக்கும் ஹோஸும் உள்ளே வீங்கி ஓட்டை அடைபட்டுப் போகலாம். அப்படி ஆனால் கால் பலத்தில் ஆயில் காலிப்பருக்குப் போய்விடும், ஆனால் காலை எடுத்தாலும் திரும்பி வராது. ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருக்கும், பிரேக் பிடித்தபடியே இருக்கும். காலிப்பர்தான் ஜாம் என்று நினைத்துப் புதுசு வாங்கிப் போட்டும் பிரச்சினை தீராமல் தவிப்பவர்கள் உண்டு. சோதிப்பது சுலபம்: சக்கரம் இறுகி இருக்கும்போது அந்தக் காலிப்பரின் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) கொஞ்சம் திறங்கள், ஆயில் பீய்ச்சி அடித்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளேயே மாட்டியிருக்கிறது, பெரும்பாலும் ஹோஸ்தான். மற்ற சக்கரங்களும் சேர்ந்து இறுகியிருந்தால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பாருங்கள். திறந்தும் விடுபடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்களோ (pin) இறுகியிருக்கின்றன.

இரும்புக் குழாயில் மேலோட்டமான துருவைத் துடைத்துப் பார்க்கலாம். செதில் செதிலாக உரிந்தால் மாற்ற வேண்டியதுதான். கிளிப் போட்டிருக்கும் இடங்களில் ஈரம் தேங்கித் துரு அதிகம் பிடிக்கும், அங்கே கவனமாகப் பாருங்கள்.

படி 5: முன் டிஸ்க்

பேட்டில் லைனிங் (தேயும் பகுதி) 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். உள்பக்க பேட், வெளிப்பக்க பேட் இரண்டையும் பாருங்கள். ஒன்று தேய்ந்து மற்றது புதுசு போல இருந்தால் காலிப்பர் நகரும் பின்கள் இறுகியிருக்கின்றன. அவற்றைக் கழற்றி, துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் அல்லது பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் மெல்லிசாகத் தடவிப் போடுங்கள். சாதாரண கிரீஸ், எஞ்சின் ஆயில், டீசல் எதுவும் பிரேக் ரப்பரில் படக்கூடாது. ரப்பர் உப்பிப் போகும். டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும், அதைவிடக் குறைந்தால் டிஸ்க் மாற்ற வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும், வழிந்துவிடாமல் பாருங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பேடின் தேயும் முகத்தில் எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள்.

படி 6: பின் டிரம்

பின் சக்கரத்தைத் தூக்குவதால் கட்டை முன் சக்கரங்களுக்கு நன்றாகப் போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால்தான் டிரம் வரும். துருப்பிடித்து வராத டிரம்மில் பெரும்பாலும் இரண்டு சின்ன மரை ஓட்டைகள் இருக்கும், அதில் போல்ட்டைப் போட்டு இரண்டையும் மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். சுத்தியலால் ஓரத்தில் அடித்தால் டிரம் உடையும்.

வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் தெரிந்தால் சிலிண்டர் போய்விட்டது. ஆயில் நனைந்த ஷூவைத் துடைத்துத் திரும்பப் போட வேண்டாம், இரண்டு பக்கமும் புது ஷூவாகப் போடுங்கள். ஸ்பிரிங்குகளைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். மற்ற பக்கம் உங்களுக்கு மாதிரியாக இருக்கும். மரை உள்ள அட்ஜஸ்டர்கள் பல கார்களில் இடதுக்கும் வலதுக்கும் எதிரெதிர் மரை, மாற்றிப் போட்டால் இடைவெளியைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும்.

ஹேண்ட் பிரேக் லீவர் ரொம்ப மேலே வருகிறது என்று நேராகக் கேபிளை முறுக்குவது பலர் செய்கிற வேலை. முதலில் ஷூ இடைவெளியைச் சரிசெய்யுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கேபிள் கடைசியில்தான்.

படி 7: காற்று எடுப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்தி வையுங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும், நீங்கள் நிப்பிளை அரைத் திருப்பு திறங்கள், ஆயிலும் குமிழியும் வரும், பெடல் கீழே போகும். நிப்பிளை மூடிய பிறகே "விடு" என்று சொல்லுங்கள். முன்னமே காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். குமிழி நின்று சுத்தமான ஆயில் வரும் வரை செய்யுங்கள். வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பித்துப் பக்கத்தில் வருவார்கள். பாதைகள் குறுக்காகப் பிரிந்த கார்களில் வரிசை மாறும் என்பதால் உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

பழைய காருக்கு மட்டுமான ஒரு முக்கியமான விஷயம்: பெடலைத் தரை வரை மிதிக்க விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் வழக்கமாக ஓடாத பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும், தரை வரை மிதித்தால் கப் அங்கே போய்க் கிழியும். நல்லா இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஆயில் மாற்றிய மறுநாள் போவதற்கு இது ஒரு காரணம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிடுங்கள், வேலை சுலபம். டப்பாவில் ஆயில் தீராமல் நடுநடுவே ஊற்றிக்கொண்டே இருங்கள், ஒருமுறை காலியானால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். துருப்பிடித்த நிப்பிளை முதல் நாளே துரு இளக்கும் ஆயில் போட்டு ஊறவிட்டு, ஆறு முக ஸ்பேனரால் திறங்கள், இல்லாவிட்டால் முனை மழுங்கியோ உடைந்தோ போகும்.

படி 8: ஓட்டிப் பார்ப்பது

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பேட் மாற்றிய பிறகு முதல் மிதி கண்டிப்பாகக் காலியாகப் போகும், அந்த முதல் மிதி ரோட்டில் நடக்கக் கூடாது. வீல் நட்டை எதிரெதிராக, சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். யாருமில்லாத இடத்தில் மெதுவாக ஆரம்பித்து, புது பேட் என்றால் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகப் பத்து முறை குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல், நடுநடுவே ஆற விட்டு. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப் பக்கம் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று பாருங்கள், பிரேக் தொடாதபோதும் இழுத்தால் இழுக்கிற பக்கமே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

திரும்பி வந்ததும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்தில் கை வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள், தொடாமல். நிப்பிள்கள், ஹோஸ் இணைப்புகள் எல்லாவற்றையும் காய்ந்த துணியால் துடைத்து மறுநாள் காலையில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரைப் பிரிப்பது, இரும்புக் குழாய் மாற்றுவது, ஏபிஎஸ் உள்ள காரில் அந்த யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டது ஆகிய மூன்றுக்கும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஆயில் மாற்றிய தேதியை ஒரு டேப்பில் எழுதி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.