சிங்கப்பூர்ப் பூமலைக்கு ஆத்தா, அப்பச்சியை அழைத்துச் செல்வது எப்படி?

திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூரிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் செட்டிநாட்டுப் பெரியவர்களுக்கு, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைப்பது அங்குள்ள தமிழர்கள் பூமலை என்றழைக்கும் தாவரவியல் தோட்டத்தைத்தான். நகரத்தார் அந்தக் கோயிலை எழுப்பிய 1859ஆம் ஆண்டிலேயே இந்தத் தோட்டமும் தொடங்கப்பட்டது. 2015இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. விசா, விமானச்சீட்டு பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதல் படி: வாசலைத் தேர்ந்தெடுத்தல்

பலரும் தடுமாறுவது இங்கேதான். தோட்டத்தின் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருப்பதால் எல்லோரும் அங்கே இறங்கிவிடுகிறார்கள். அது வடகோடியிலுள்ள புக்கித் தீமா வாசல். பார்க்க வேண்டிய அன்ன ஏரியோ தெற்கே தங்ளின் வாசலுக்கு அருகில் இருக்கிறது. தோட்டத்தின் நீளம் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் என்பதால், மூட்டுவலி உள்ள பெரியவர்கள் ஏரியை அடைவதற்குள் களைத்துப் போவார்கள்.

ஆகவே தங்ளின் வாசலுக்கு அருகிலுள்ள நேப்பியர் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர்கள் டௌன்டவுன் பாதையில் ஏறி, இரண்டாவது நிறுத்தமான ஸ்டீவன்ஸில் இறங்கி, தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் ஆர்ச்சர்ட் பக்கம் செல்லும் வண்டிக்கு மாறினால், அடுத்த நிறுத்தமே நேப்பியர். வாடகைக் காரில் செல்வதானால் தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் ‘தங்ளின் கேட்’ என்று வாசலைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

பயணத்துக்கு நான் விரும்புவது, ரயிலிலும் பேருந்திலும் கட்டணம் செலுத்த உதவும் ஈஸி-லிங்க் அட்டை. ஓர் அட்டையை ஒருவர் மட்டுமே பயன்படுத்த முடியும் என்பதால், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை அட்டைகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நேரம்

காலை ஐந்து மணிக்கே தோட்டம் திறந்துவிடும். ஆனால் அங்கே ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் விடியும் என்பதால், விடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் போதும். நம் ஊரில் ஐந்து மணிக்கு எழுந்து பழகியவர்களுக்கு, இரண்டரை மணி நேர வித்தியாசத்தால் அங்கே விழிப்பு வருவதும் ஏழரை மணிக்குத்தான். பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கம் என்பதால் குடையை மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி: ஏரியும் அதைச் சுற்றியும்

அன்ன ஏரி 1866இல் உருவாக்கப்பட்டது. பரப்பு சுமார் ஒன்றரை ஹெக்டேர், அதாவது நம் ஊருணிகளுள் பெரியது ஒன்றைப் போல. நடுவிலுள்ள தீவில் நிபோங் பனைகள் கொத்துக் கொத்தாக நிற்கின்றன. ஏரிக்கரையில் பெரியவர்களை முதலில் உட்கார வையுங்கள். அவசரப்பட்டு நடக்க வைக்க வேண்டாம். பிறகு பாண்ட்ஸ்டாண்ட் எனப்படும் எண்கோண இசை மண்டபத்துக்கு மெல்ல ஏறிச் செல்லலாம். அதைச் சூழ்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் இலைகள் மஞ்சளாக இருப்பதால், தூரத்திலிருந்து பார்க்கையில் மரம் முழுவதும் பூத்திருப்பதாகவே தோன்றும். ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தாளில் அச்சிடப்பட்டுள்ள தெம்புசு மரமும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

அடுத்தது இஞ்சித் தோட்டம், இதைத் தவிர்த்துவிடாதீர்கள். ஏலக்காயும் மஞ்சளும் அன்றாடம் புழங்கும் அடுப்படியிலிருந்து வரும் நம் வீட்டுப் பெண்கள், அதே குடும்பத்தைச் சேர்ந்த செடிகளின் பூக்களை இங்கே நின்று பார்ப்பார்கள். தீப்பந்த இஞ்சியின் பூ, இலையே இல்லாத தண்டு ஒன்றின் நுனியில், மெழுகில் வார்த்தது போன்ற இளஞ்சிவப்பு இதழ்களை அடுக்கிக்கொண்டு மலர்ந்திருக்கும். கை நீளும், ஆனால் பூப் பறிப்பது குற்றம், அபராதமும் உண்டு. பூசைக்கென்று ஒரு பூவைக்கூடப் பறிக்கக் கூடாது என்பதை வீட்டிலேயே சொல்லி அழைத்து வருவது நல்லது.

நான்காம் படி: ஆர்க்கிட் பகுதி

தோட்டத்துக்குள் கட்டணம் உள்ள இடம் தேசிய ஆர்க்கிட் தோட்டம் மட்டுமே. காலை எட்டரைக்குத் திறப்பார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. 1981இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிமை இங்கே காணலாம். நடக்கத் தெம்பு இருந்தால் செல்லுங்கள். இல்லையென்றால் இலவசப் பகுதியே நிறைவாக இருக்கும்.

பின்னர் சேர்த்தது

“அப்பச்சிக்குப் பூக்களில் நாட்டமில்லை, என்ன செய்வது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ரப்பரைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர் கன்றுகள் இங்கே வளர்க்கப்பட்டன. மரத்தைச் சாகடிக்காமல் பால் வடிக்கும் முறையை இத்தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி இங்கேதான் வகுத்தார். மலாயாவில் ரப்பர் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தும், தாமே தோட்டங்கள் வைத்தும் தொழில் செய்த குடும்பங்கள் நம் ஊர்களில் பல உண்டு. அந்தத் தலைமுறையின் கதையை அவரே சொல்லத் தொடங்குவார். ஏரிக்கரை நிழலில் அமர்ந்து கேட்பதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.