இ6, இ7 குருத்தணுக் காரணிகளை உயர்த்துகின்றனவா? ஆய்வகத்தில் சோதிக்கும் முறை

கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) 16, 18 என்ற இரு வகைகள்தான் காரணம். இவற்றின் இ6 புரதம், செல்லிலுள்ள இ6ஏபி நொதியைக் கூட்டுச் சேர்த்து, புற்றைத் தடுக்கும் பி53 புரதத்தைச் சிதைக்கிறது. இ7, செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஆர்பி புரதத்தைப் பிடித்து முடக்குகிறது. குருத்தணுத் (ஸ்டெம் செல்) தன்மையைத் தக்கவைக்கும் ஆக்ட்4, சாக்ஸ்2, நானோக் ஆகிய காரணிகளிலும் இவற்றின் கை இருக்கிறதா என்று அறிய, வைரஸ் புரதத்தை ஒடுக்கிவிட்டு அந்தக் காரணிகள் குறைகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முதலில் செல்கள். கீழே வருபவை எல்லாம் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கப்படும் செல் வரிசைகள். சிஹாவில் எச்.பி.வி. 16 செல்லுக்கு ஒன்றிரண்டு பிரதிதான். காஸ்கியில் சுமார் 600. ஹீலாவில் இருப்பது எச்.பி.வி. 18. வைரஸ் இல்லாத ஒப்பீட்டுக்கு சி33ஏ. ஆனால் அதில் பி53, ஆர்பி இரண்டுமே திரிந்தவை. அதனால் அதை இயல்பான செல்லாகக் கொள்ளக் கூடாது. எஸ்ஐ-ஆர்என்ஏ (குறிப்பிட்ட தூது ஆர்என்ஏவை அழித்து மரபணுவை ஒடுக்கும் சிறு ஆர்என்ஏ) வேறு எதையாவது தாக்குகிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும்.

ஒடுக்குவதற்கு, 6 குழித் தட்டில் குழிக்கு 2 லட்சம் செல்கள். எஸ்ஐ-ஆர்என்ஏ 20 முதல் 50 நானோமோலார். வெவ்வேறு வரிசை கொண்ட இரண்டு எஸ்ஐ-ஆர்என்ஏக்களும், இலக்கில்லாத ஒன்றும் தேவை. இ6-க்கான ஆன்டிபாடிகள் பெரும்பாலும் வலுவற்றவை. எனவே பி53-உம், அது தூண்டும் பி21-உம் ஏறுவதைக் கொண்டே ஒடுக்கம் பலித்ததா என்று முடிவு செய்யுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். இ6, இ7 இரண்டும் ஒரே தூது ஆர்என்ஏவிலிருந்து வருகின்றன. ஒன்றைக் குறிவைத்தால் மற்றதும் விழும். எது காரணம் என்று பிரித்துச் சொல்ல, எஸ்ஐ-ஆர்என்ஏ பிடிக்காதபடி வரிசை மாற்றிய இ6-ஐயும் இ7-ஐயும் தனித்தனியே திருப்பிச் செலுத்த வேண்டும். இதைச் செய்யாமல் 'இ6 செய்தது' என்று எழுதக் கூடாது.

அளவீட்டை 24, 48 மணி நேரங்களில் எடுங்கள். நாள் கூடக் கூட, மீண்டெழுந்த பி53 செல்களை முதுமைக்குத் தள்ளும். அதனாலேயே காரணிகள் குறையலாம். பி53-க்கு நானோக்கை நேரடியாக ஒடுக்கும் திறனும் உண்டு. பி53-ஐயும் சேர்த்து ஒடுக்கிய ஒரு குழியை வையுங்கள். அங்கேயும் நானோக் இறங்கினால் வழி வேறு.

பிழை அதிகம் நுழைவது ஆர்என்ஏ அளவீட்டில். சாக்ஸ்2 மரபணுவில் இன்ட்ரான் (தூது ஆர்என்ஏ உருவாகும்போது வெட்டி நீக்கப்படும் பகுதி) கிடையாது. அதனால் டிஎன்ஏவை விட்டு ஆர்என்ஏவை மட்டும் பிடிக்கும்படி எக்ஸான் சந்திப்பில் பிரைமர் அமைக்க வழியே இல்லை. ஒட்டியிருக்கும் துளி டிஎன்ஏவும் சாக்ஸ்2 போலவே பெருகும். டிஎன்ஏஸ் நொதியால் கழுவி, தலைகீழ்ப் படியெடுப்பு நொதி சேர்க்காத குழாயையும் ஓட்டுங்கள். நொதி சேர்த்த குழாய்க்கும் சேர்க்காததற்கும் இடையே குறைந்தது 7 பிசிஆர் சுழற்சி வித்தியாசம் வேண்டும். அப்போதுதான் கலப்பு 100-இல் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும். ஆக்ட்4-க்கும் நானோக்குக்கும் போலி மரபணுக்கள் (அவற்றைப் போலவே வரிசை கொண்ட, வேலை செய்யாத பிரதிகள்) உண்டு. கிடைத்த துண்டை வரிசைப்படுத்திப் பார்த்த பிறகே நம்புங்கள். குருத்தணுத் தன்மை தருவது ஆக்ட்4ஏ வடிவம். புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் அளக்கும்போது, ஆன்டிபாடி அதன் என் முனையைப் (புரதத்தின் தொடக்க முனை) பிடிப்பதாக இருக்க வேண்டும். சி முனையை (இறுதி முனை) பிடிப்பது ஆக்ட்4பி வடிவத்தையும் சேர்த்துக் காட்டும். பக்கத்துப் பாதையில் ஆக்ட்4 நிச்சயம் உள்ள என்டெரா-2 செல் சாறு இருந்தால் பட்டை சரியான இடத்தில்தானா என்று உடனே தெரியும்.

அடுத்து உருண்டைச் சோதனை. குருத்தணுத் தன்மை கொண்ட செல்கள் ஒட்டாமல் மிதந்து உருண்டையாக வளர்கின்றனவா என்று இதில் பார்க்கிறோம். செல்களை 40 மைக்ரான் வடிகட்டியில் சலித்து, ஒட்டாத 96 குழித் தட்டில் குழிக்கு 100 செல்கள். சீரம் இல்லாத ஊடகத்தில் பி27 ஊட்டக் கலவை. கூடவே வளர்ச்சிக் காரணிகளான இஜிஎஃப், பிஎஃப்ஜிஎஃப் தலா மி.லி.க்கு 20 நானோகிராம். 7 முதல் 10 நாளில் 50 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றை எண்ணுங்கள். தட்டை அடிக்கடி அசைத்தால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும். அது வளர்ச்சி அல்ல. எஸ்ஐ-ஆர்என்ஏவின் பலன் அத்தனை நாள் நிலைக்காது என்பதால் இங்கே செல்லுக்குள்ளேயே தொடர்ந்து உருவாகி ஒடுக்கும் எஸ்ஹெச்-ஆர்என்ஏ நல்லது.

ஆக்ட்4 அளவு மாறாவிட்டால் சோதனை தோற்றதாக நினைத்துவிட வேண்டாம். இ7 ஆக்ட்4-உடன் பிணைந்து அதன் படியெடுப்புத் திறனைக் கூட்டுவது 1999-இலேயே காட்டப்பட்டது. அதனால் ஆக்ட்4 பிணையும் வரிசை கொண்ட லூசிஃபெரேஸ் சோதனையையும் (படியெடுப்புத் திறனை ஒளியின் அளவாகக் காட்டுவது), இ7-ஐப் பிடித்து ஆக்ட்4 கூட வருகிறதா என்று பார்க்கும் இணைவீழ்ப்புச் சோதனையையும் தவறாமல் சேருங்கள்.