கணினி திருத்தும் கைகள் கம்பெடுக்கும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் கடையைத் திறந்து ஒரு மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றக் குனிகிறோம். நிமிரும்போது மத்தியானம் ஆகிவிடுகிறது. கழுத்து முன்னால் துருத்தி, தோள் சுருண்டு, நாரி இறுகிப்போன அந்த உடம்போடுதான் மாலையில் சிலம்பம் சுற்றவோ கராத்தே பழகவோ போகிறோம். கிளிநொச்சியில் நான் பழகும் இடத்துக்கு வரும் கணினித் தொழில்நுட்பவியலாளர்கள் எல்லோருக்கும் இதே உடம்புதான். ஏ9 வீதியோரக் கடைகளிலும், அலுவலகங்களிலும், அறிவியல் நகர்ப் பக்கமும் வேலை செய்பவர்கள் அவர்கள். இந்தக் கலைகள் எங்களுக்குத் தரும் நன்மை பெரியது. அதனால்தான் தவிர்க்கக்கூடிய காயங்களால் பிள்ளைகள் மூன்றாம் மாதமே விட்டுவிட்டுப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கையைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன். எங்களுக்குச் சோறு போடுவது அதுதான்.

புதிதாக வருபவர்கள் கையுறையோ துணிச்சுற்றோ இல்லாமல் மணல் மூட்டையைக் குத்தத் தொடங்குகிறார்கள். குத்து ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் கணுக்களில் விழ வேண்டும். மணிக்கட்டு முன்கையோடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பழகாத குத்து சுண்டுவிரல் பக்கம் சரிந்து விழும். அந்த விரலுக்குக் கீழே உள்ளங்கையில் ஓடும் எலும்பு மெல்லியது, கணுவை ஒட்டிய அதன் கழுத்துப் பகுதியில் முறிந்துவிடும். முறிந்தால் பல வாரங்கள் இடுக்கி பிடிக்க முடியாது. முதல் சில மாதங்கள் காற்றில் குத்திப் பழகுங்கள். பிறகு துணி சுற்றி, மென்மையான மூட்டையில் தொடங்குங்கள். சீமெந்துத் தரையில் கை முட்டியை ஊன்றித் தண்டால் எடுத்துக் கையை "இறுக்குவது" எங்கள் தொழிலில் இருப்பவருக்கு வேண்டாத வேலை. விரல் மூட்டுகள் தடித்து விறைத்தால், மதர்போர்ட்டில் அரிசி மணியை விடச் சிறிய ஒரு பாகத்தை யார் எடுத்து வைப்பது?

இதைவிடவும் நான் அஞ்சுவது விழுகையை. தடுக்கி விழும்போது எவரும் கையை ஊன்றுவார்கள், அது உடம்பின் இயல்பு. அப்படி ஊன்றும்போது மணிக்கட்டில் படகு வடிவில் இருக்கும் ஒரு சிறிய எலும்பு வெடிக்கக்கூடும். பெருவிரலை விரித்து உயர்த்திப் பாருங்கள், அதன் அடியில் ஒரு சிறு குழி தெரியும். விழுந்த பின் அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறது என்றால் "வெறும் சுளுக்கு" என்று விடாதீர்கள். இந்த எலும்பின் வெடிப்பு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. வலி நீடித்தால் பத்துப் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுத்துப் பார்க்கும்படி வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள். அந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க நுனியிலிருந்து பின்னோக்கியே ஓடுகிறது. வெடிப்பு அந்த ஓட்டத்தைத் தடுத்தால் பின்பகுதி ஒட்டாமலேயே போகலாம். பிறகு திருப்புளியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் வலிக்கும்.

ஆகவே எந்தக் கலையைத் தேர்ந்தாலும் முதலில் விழக் கற்றுத் தரும்படி மாஸ்டரிடம் கேளுங்கள். ஜிகோரோ கானோ 1882இல் நிறுவிய ஜூடோவில் எறிவதற்கு முன் விழுவதைத்தான் பழக்குகிறார்கள். நாடியை மார்போடு சேர்த்து, முதுகை உருட்டி, கை முழுவதையும் பரப்பித் தரையைத் தட்ட வேண்டும். கராத்தேக்காரரும் சிலம்பக்காரரும் இதைக் கற்றுக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பாயிலோ மணலிலோ பழகுங்கள்.

சிலம்பத்தில் வேறொரு பிழை நடக்கிறது. கம்பு கை நழுவிவிடும் என்ற பயத்தில் அதை இறுக்கிப் பிடிக்கிறார்கள். நாள் முழுக்க மவுஸ் பிடித்த முன்கைத் தசை முழங்கைக்கு வெளிப்புறத்தில்தான் எலும்போடு ஒட்டுகிறது. இறுகிய பிடியோடு நூறு முறை சுற்றினால் அந்த இடம் உளையத் தொடங்கும், பிறகு தேநீர்க் கோப்பையைத் தூக்கினாலும் வலிக்கும். பிடி தளர்ந்திருக்கட்டும். சுற்று தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரட்டும். நெற்றி உயரத்துக்கு மேற்பட்ட கனமான கம்பைத் தொடக்கத்தில் எடுக்கவே வேண்டாம். இரவில் விரல் நுனிகள் விறைத்து ஊசி குத்துவது போல் இருந்தால் மணிக்கட்டு நரம்பு நெரிபடுவதாக இருக்கலாம். அப்போது கம்பை வைத்துவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.

பயிற்சி முடிந்து வந்து சோல்டரிங் வேலையில் உட்காராதீர்கள். களைத்த கை நடுங்கும். வியர்வை சொட்டினால் திருத்த வந்த போர்ட்டே பழுதாகும். நுணுக்க வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் நிறுவுவது, தரவுகளைப் படியெடுப்பது போன்றவற்றை இரவுக்கு விடலாம்.

சுளுக்கிய உடனே சுடு எண்ணெய் போட்டு உருவும் வழக்கமும் எங்களிடம் உண்டு. வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும் முதல் இரண்டு நாளில் உருவக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, இறுக்கமில்லாமல் கட்டி, உயர்த்தி வையுங்கள். முறிவு இல்லை என்று உறுதியான பிறகு எண்ணெயைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது இருக்கை தந்த உடம்பு. எட்டு மணி நேரம் கதிரையில் மடங்கியிருந்த இடுப்பின் முன்தசை குறுகிப்போயிருக்கும். அதோடு வந்து முதல் கிழமையிலேயே தலை உயரத்துக்கு உதைத்தால் தொடையின் பின்தசை கிழியும், அல்லது நாரி பிடித்துக்கொள்ளும். பயிற்சிக்கு முன் அசைந்து சூடேற்றுங்கள்: நடை, மெல்லோட்டம், கால் வீச்சு, தோள் சுழற்சி என்று பத்து நிமிடமாவது. நீட்டிப் பிடித்து நிற்கும் பயிற்சிகளை முடிவில் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து நான்கு மணி நேரம் அடித்துவிட்டுப் போவதை விட, கிழமைக்கு மூன்று நாள் நாற்பது நிமிடம் பழகுவது உடம்புக்கு ஏற்றது. கடையில் இருக்கும்போதும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள்.

நாங்கள் தொழிலின் பாதியைக் காணொளி பார்த்தே கற்றவர்கள். அதனால் உதையையும் அப்படியே கற்கலாம் என்று நினைத்துவிடுகிறோம். பழுதான மின்தேக்கியைக் கழற்றி வேறொன்று போடலாம், முழங்கால் சவ்வுக்கு அது நடக்காது. திரும்பும்போது ஊன்றிய பாதமும் சேர்ந்து திரும்புகிறதா, முழங்கால் மட்டும் முறுகுகிறதா என்பதைப் பக்கத்தில் நிற்கும் ஒருவரால்தான் சொல்ல முடியும். காணொளியை மாஸ்டர் காட்டியதை நினைவூட்டிக்கொள்ளப் பாவியுங்கள். தரத்தைக் காட்டும் பட்டியின் நிறத்துக்காக அவசரப்படவும் வேண்டாம். அந்த முறை கராத்தேக்கு ஜூடோவிலிருந்து வந்தது. சிலம்பம் அது இல்லாமலே தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறது.

தலையில் அடி பட்டால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு மறுபடி மோதப் போவது பெரும் ஆபத்து. முதல் ஓரிரு நாள் திரையையும் குறைத்துக்கொள்ளுங்கள், வேலை காத்திருக்கட்டும். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பக் கடினமாக இருந்தாலோ நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். வாய்க்காப்பும் இடுப்புக்கீழ்க் காப்பும் இல்லாமல் மோதல் பயிற்சியில் இறங்க வேண்டாம்.

வன்னி வெயில் தனியாகச் சொல்ல வேண்டியது. சோளகம் வீசும் மாதங்களில் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடும், எவ்வளவு நீர் போனது என்று தெரியாது. குளிரூட்டிய அறையிலிருந்து நேரே நாலு மணி வெயிலில் இறங்காதீர்கள், ஆறு மணி வரை பொறுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் குடித்தது போதாது. உடல் வலிக்கு வலிநிவாரணி விழுங்கிவிட்டுப் பயிற்சிக்கு வரும் பழக்கத்தை உடனே விடுங்கள். நீர் வற்றிய உடம்பில் இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். வவுனியாவின் சில கிராமங்கள் உட்பட உலர் வலயத்தில் நாட்பட்ட சிறுநீரக நோய் எத்தனை வீடுகளை வாட்டுகிறது என்பதை அறிந்த நாங்கள், அந்த உறுப்போடு விளையாடவே கூடாது.

இடத்தையும் பாருங்கள். பொதுநோக்கு மண்டபத்தின் சீமெந்துத் தரையில் துள்ளித் துள்ளிப் பழகினால் குதிக்கால் நோகும். கோயில் வெளிவீதி மணலோ புல்தரையோ நல்லது. இருட்டிய பிறகு வெறுங்காலோடு புல்லில் இறங்கும் முன் விளக்கடித்துப் பாருங்கள், இது புடையன் பாம்பு உள்ள மண். காலை ஓட்டத்துக்குப் பற்றைக்காணிகளுக்குள் குறுக்குவழி தேடாதீர்கள். முகமாலைப் பக்கம் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் மிதிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். மக்கள் நடமாடும் வீதியிலும் குளக்கட்டிலும் மட்டும் ஓடுங்கள்.

கடைசியாக, வெளியூரில் எழுதப்படும் எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒன்று. 2009இல் முடிந்த போரின் செல் (எறிகணை) துண்டுகள் இன்னும் எங்களில் பலருடைய உடம்பில் இருக்கின்றன. வெட்கத்தாலோ, பேச விரும்பாமலோ அதை மறைத்துப் பழக வருகிறார்கள். மறைக்காதீர்கள். முதலில் வைத்தியரிடம் கேளுங்கள், பிறகு மாஸ்டரிடம் மட்டுமாவது சொல்லுங்கள். முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக்குழாய்க்கோ அருகில் துண்டு உள்ளவர் எறிதலையும் மோதலையும் தவிர்த்துத் தனிச்சுற்றுகளை ஆயுள் முழுக்க அழகாகச் செய்யலாம். மாஸ்டர்மார் செய்யக் கூடாததும் ஒன்று உண்டு. விழிப்பைச் சோதிப்பதாகச் சொல்லிப் பின்னால் வந்து திடீரெனக் கத்துவது, கம்பால் தரையில் ஓங்கி அடிப்பது. அந்தச் சத்தம் சிலரை எங்கே கொண்டுபோய் விடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பழகும் இடத்தில் புதிதாக ஒருவர் வந்தால், வயதையும் எடையையும் கேட்பதற்கு முன் அவரைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்கிறோம்: "தம்பி, உங்களுக்கு எந்தப் பக்கம் தொடக் கூடாது?"