ஸ்வெட்டரில் ஒட்டிய ஸ்டிக்கர் பசையை எடுப்பது எப்படி?

ஐப்பசி மழையில் கோத்தகிரியில் ஒரு ஸ்வெட்டர் காய மூன்று நாள் ஆகும். அப்படி ஒரு வாரத்தில்தான் மகளின் பள்ளி ஸ்வெட்டரைப் பையைத் துழாவிப் பார்க்காமல் மெஷினில் போட்டுவிட்டேன். உள்ளே நோட்டுக்கு ஒட்டும் பெயர் ஸ்டிக்கர், ஒரு முழுத் தாள் இருந்திருக்கிறது. காகிதம் கூழாகிப் போய்விட்டது. பசை மட்டும் ஸ்வெட்டரின் முன்பக்கம் ஐந்தாறு இடத்திலும், கூடக் கிடந்த என் கருப்பு சுடிதார் பேண்டிலும் ஒட்டிக்கொண்டது. காலையில் பள்ளிக்கு வேண்டுமே என்று ஈரத்தோடு இஸ்திரி போட்டேன். அதுவரை மேலாக இருந்த பசை சூட்டில் இளகி நூலுக்குள் இறங்கிவிட்டது.

அதனால் வேறெதற்கும் முன்னால் ஒன்று: பசை முழுக்கப் போகும்வரை அந்தத் துணியில் சூடு படக்கூடாது. வெந்நீர், இஸ்திரி, டிரையர், அடுப்புப் பக்கத்துக் கொடி எதுவும் வேண்டாம்.

தேவையானவை

நீலகிரித் தைலம், பழைய வெள்ளைப் பருத்தித் துணி (வேட்டிக் கிழிசல் அருமையாக உறிஞ்சும்), மழுங்கிய ஸ்பூன், பாத்திரம் கழுவும் திரவம்.

ஏன் தைலம்? ஸ்டிக்கர் பசை தண்ணீரில் கரையாத வகை. சோப்பு போட்டுத் தேய்த்தால் உருண்டு உருண்டு இன்னும் பரவும். தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள். அது பசையைக் கரைக்கும், கரைத்த பின் தானும் ஆவியாகிவிடும். இந்தத் தைலம் எடுக்கும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) 1843இல் இந்த நீலகிரி மலைக்கு வந்தது, விறகுப் பஞ்சம் தீர்க்க ஏராளமாக நட்டார்கள் என்பார்கள். இன்றைக்கு இங்கே தைலப் புட்டி இல்லாத வீடு அபூர்வம். சளிக்கு வாங்கி வைத்ததே போதும்.

ஆனால் கலப்படமில்லாததாக இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஓரமாக வையுங்கள். நல்ல தைலம் காய்ந்தபின் தாளில் தடமே இருக்காது. எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகத் தெரிந்தால் வேறு எண்ணெய் சேர்த்திருக்கிறார்கள். அதைத் துணியில் விட்டால் பசை போய் எண்ணெய்க் கறை வந்து உட்காரும்.

தேங்காய் எண்ணெயும் பசையை இளக்கும். இங்கே குளிரில் அது புட்டிக்குள்ளேயே உறைந்து கிடக்கும், துணியிலிருந்து போவதும் லேசில் இல்லை. மண்ணெண்ணெய் நாற்றம் நாலு துவைப்புக்கும் நிற்கும். நகப்பூச்சு நீக்கியில் அசிட்டோன் இருந்தால் அசிடேட் துணியையே கரைத்துவிடும். எனக்குத் தைலம்தான்.

செய்முறை

துணி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியில் தைலம் இறங்காது. கெட்டியாகத் திரண்ட பசை இருந்தால் துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். இறுகியதும் ஸ்பூன் விளிம்பால் பெயர்க்கலாம். பின்னல் ஸ்வெட்டரில் இழுக்க வேண்டாம், நூல் உருவிக்கொள்ளும்.

உள்தையலில் ஒரு சொட்டு விட்டுச் சாயம் போகிறதா என்று பாருங்கள். சரி, இனிமேல்தான் நான் மூன்று தரம் தோற்ற இடம்.

முதல் தரம் பஞ்சில் தைலத்தை நனைத்துப் பசைமேல் தேய்த்தேன். ஒரு நிமிடத்தில் பிசுபிசுப்பு மறைந்தது. காய்ந்ததும் மறுபடியும் அதே பிசுபிசுப்பு, முன்னைவிட அகலமாக. திரும்பச் செய்தேன், திரும்ப வந்தது. அப்புறம்தான் புரிந்தது. தைலம் பசையைக் கரைக்கிறது, அவ்வளவுதான். கரைந்த பசையை வெளியே எடுக்காவிட்டால், தைலம் ஆவியானதும் பசை இருந்த இடத்திலேயே தங்கிவிடும். அதைத் துணியிலிருந்து வேறொரு துணிக்கு மாற்ற வேண்டும்.

எனவே பசை உள்ள பக்கம் கீழே பார்க்கும்படி, வேட்டித் துணியை நாலாக மடித்து அதன்மேல் ஸ்வெட்டரைக் கவிழ்த்துப் போடுங்கள். பின்பக்கத்திலிருந்து நாலைந்து சொட்டுத் தைலம் விடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து, இன்னொரு துணியால் மேலிருந்து அழுத்துங்கள். தேய்க்காதீர்கள், அழுத்துங்கள். கவிழ்த்ததைத் தூக்கிப் பார்த்தால் கீழ்த்துணியில் மங்கலான பழுப்பு வட்டம் தெரியும். அதுதான் பசை. உடனே கீழ்த்துணியைச் சுத்தமான மடிப்புக்கு நகர்த்துங்கள், மறுபடி சொட்டு, மறுபடி அழுத்தல். எனக்கு ஓர் இடத்துக்கு ஐந்து முறை ஆனது. கீழ்த்துணியில் வட்டம் விழாமல் போனதும் முடிந்தது.

தைலம் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, கணப்பு பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகள் கொஞ்சம் குடித்தாலும் ஆபத்து என்பதால், புட்டியை வேலை நடக்கும்போதும் மூடியே வையுங்கள். தெர்மாகோல் தட்டில் ஊற்ற வேண்டாம், தட்டு கரைந்துபோகும். எவர்சில்வர் மூடி போதும்.

கடைசியில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர், விரல்நுனியால் மெல்லக் கசக்கி அலசல். தைல வாடை போகும்வரை மெஷினில் போடாதீர்கள். கம்பளிக்கு என்சைம் உள்ள சலவைத்தூள் ஆகாது. கம்பளி புரதம், அதை அரித்துவிடும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, படுக்கையாக விரித்துக் காய வையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்து விளையாட்டு உடையில் செய்து பார்த்த ஒருவருக்கு, முதுகில் இருந்த ரப்பர் பிரிண்ட் இளகி வந்துவிட்டது. நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பிரிண்ட், எலாஸ்டிக், ரப்பர் பூசிய மழைக்கோட்டு மூன்றிலும் தைலம் படக்கூடாது. பிரிண்டுக்குப் பக்கத்தில் பசை இருந்தால், தைலம் நனைத்த காதுக்குச்சியால் அந்தப் புள்ளியை மட்டும் தொட்டு ஒற்றி எடுங்கள்.

கூடலூரிலிருந்து இன்னொருவர் பலாப்பால் கறை கேட்டிருந்தார். அதற்குத் தேங்காய் எண்ணெயே மேல், இளக்கி வழித்தபின் மேலே சொன்ன அதே ஒற்றல்தான்.