ஐடுடாகி போகிறீர்களா? முதலில் தேதியைப் பாருங்கள்

பசிபிக் கடலில் உள்ள குக் தீவுகளின் ஐடுடாகித் தீவுக்கு நியூசிலாந்து வழியாகப் போகிறவர்கள் அறை பதிவு செய்யும்போது தேதியில் கோட்டை விடுவது சகஜம். நடுவே சர்வதேசத் தேதிக்கோடு வருகிறது. ஆக்லாந்தில் சனிக்கிழமை காலை விமானம் ஏறினால், குக் தீவுகளின் முக்கியத் தீவான ராரோடோங்காவில் இறங்கும்போது வெள்ளிக்கிழமை மதியம்தான்! அறையைச் சனிக்கிழமைக்குப் போட்டிருந்தால் வெள்ளி இரவு பெட்டியும் கையுமாக நிற்க வேண்டியதுதான். திரும்பும்போது ஒரு நாள் காணாமல் போகும். லீவு போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராரோடோங்காவிலிருந்து ஐடுடாகிக்குச் சிறிய விமானத்தில் முக்கால் மணி நேரம். காயலைப் படகில் சுற்றும் நாளில் பாஸ்போர்ட்டைத் தண்ணீர் புகாத பையில் போட்டு எடுத்துப் போங்கள். டபுவாயெடாய் என்ற குட்டித் தீவில் கால்தடம் வடிவில் ஒரு முத்திரை குத்துவார்கள், வெறும் ஆசைக்குத்தான். செருப்பு போதாது, ரப்பர் அடிப்பாக ஷூ வேண்டும்; தண்ணீருக்குள் பவளப்பாறை கீறினால் புண் எளிதில் ஆறாது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே தேவாலயத்தில் இருக்கும், கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கி வைத்துவிடுங்கள்.

செலவுக்கு நியூசிலாந்து டாலர். மீதிச் சில்லறையில் குக் தீவுகளின் சொந்த நாணயமான முக்கோண வடிவ 2 டாலர் வந்தால் பத்திரப்படுத்துங்கள். வெளியே செல்லாது, ஆனால் வீட்டுப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.